மாடியில் சோலாரோடு வந்த வீடு

கோவை வடவள்ளியில் இப்போது நாங்கள் இருக்கும் வீட்டை முதன்முதலாகப் பார்த்தது 2024 ஜூனில். பழைய வீடுதான், ஆனால் நல்ல கட்டுமானம். மாடியில் 335 வாட் பேனல் ஒன்பது, மொத்தம் 3 கிலோவாட். 2021 பிப்ரவரியில் போட்டிருந்தார்கள். புரோக்கர் படி ஏறும்போதே ஆரம்பித்துவிட்டார்: "சோலார் வீடுங்க. கரண்ட் பில்லே வராதுங்க. கரண்ட் போனாலும் கவலை இல்லீங்க."

வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற ஆசிரியர். அவரும் மனைவியும் பெங்களூரில் மகளோடு இருக்கப் போவதால் விற்கிறார்கள். கேட்டதும் கடைசி நாலு பில்லை எடுத்துக் காட்டினார். எல்லாமே கிட்டத்தட்ட பூஜ்யம். எனக்கு ஒரே சந்தோஷம். என் மச்சினன் எலக்ட்ரிக்கல் காண்ட்ராக்ட் எடுப்பவன். அவன்தான் நிறுத்தினான். "மாமா, ரெண்டு பேர், ஏசி இல்லை. இவங்களுக்கு ரெண்டு மாசத்துக்கு 200 யூனிட் ஓடினாலே அதிகம். அதுல 100 யூனிட் எப்படியும் இலவசம். சோலார் இல்லாட்டியும் சில நூறு ரூபாய்தான் வந்திருக்கும்" என்றான். பூஜ்ய பில்லை வைத்துப் பேனல் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. நாங்கள் நாலு பேர், ஒரு ஏசி. கோடையில் 500 யூனிட்டைத் தாண்டுவோம். அப்போதைய கட்டணத்தில், அதைத் தாண்டினால் 101ஆவது யூனிட்டிலிருந்தே விலை கூடிவிடும். ஆகவே பேனல் உண்மையில் எவ்வளவு தருகிறது என்பது எங்களுக்கு முக்கியமான கேள்வி.

அதற்கு விடை, பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் சோலார் இன்வெர்ட்டரில் இருந்தது. மாடிப்படிக்குக் கீழே சுவரில் மாட்டியிருந்தார்கள். தூசி படிந்த சின்னத் திரை. கீழே இருந்த பட்டனை மச்சினன் நாலைந்து முறை அமுக்கினான். இன்றைய உற்பத்தி, இந்த மாத உற்பத்தி என்று ஒவ்வொன்றாக வந்து, கடைசியில் போட்ட நாளிலிருந்து மொத்தம் என்று 11,280 யூனிட் காட்டியது. நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் வரும். 3 கிலோவாட்டுக்கு 12. மூன்று வருடம் நாலு மாதத்துக்குக் கணக்குப் போட்டால் 14,500 வந்திருக்க வேண்டும். மூவாயிரத்துச் சொச்சம் யூனிட் எங்கே போனது?

ஆசிரியரிடம் கேட்டேன். மறைக்க அவருக்கு எதுவும் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "2022ல பேத்தி பிறந்தப்ப நாலு மாசம் பெங்களூர்ல இருந்தோம் தம்பி. திரும்பி வந்து பார்த்தா இது ஓடவே இல்லை. ஏதோ ஃபியூஸ் போயிருந்துச்சுன்னு மாத்தினாங்க" என்றார். அதில் பாதிக் கணக்கு சரியானது. மீதியைச் சாயங்காலம் வரை மாடியிலேயே உட்கார்ந்து கண்டுபிடித்தோம். மூன்று மணிக்கு மேல் மேற்குப் பக்க வீட்டின் தண்ணீர்த் தொட்டி நிழல் மெதுவாக ஊர்ந்து வந்து கடைசி இரண்டு பேனல்மேல் விழுந்தது. ஒன்பதும் ஒரே வரிசையாக இணைத்தவை. இரண்டில் நிழல் விழுந்தால் மற்ற ஏழும் சேர்ந்து மங்கிவிடலாம். வீடு பார்க்கப் போகிறவர்கள் காலையில் ஒரு தடவை, மூன்று மணிக்கு மேல் ஒரு தடவை மாடி ஏறிப் பாருங்கள். பக்கத்து மனை காலியாக இருந்தால் அங்கே இன்னொரு மாடி எழும்பும் என்பதையும் மனதில் வையுங்கள்.

அடுத்து, கரண்ட் போனால் கவலை இல்லை என்ற பேச்சு. மீட்டர் பக்கத்தில் இருந்த மெயினை இறக்கச் சொன்னோம். ஃபேனும் லைட்டும் எரிந்துகொண்டுதான் இருந்தன, ஆனால் சோலார் இன்வெர்ட்டர் அணைந்துவிட்டது. எரிந்தது பேட்டரியோடு தனியாக இருந்த வீட்டு இன்வெர்ட்டரால். இரண்டையுமே நாம் இன்வெர்ட்டர் என்றுதான் சொல்கிறோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. லைனில் ஆள் வேலை செய்யும்போது மாடியிலிருந்து கரண்ட் இறங்கி அவர்மேல் பாயக் கூடாது என்பதற்காக, பேட்டரி இல்லாத இந்த வகை சோலார், லைன் போனதும் தானாக நின்றுவிடும். அது பழுது இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். பேட்டரி ஐந்து வருடப் பழசு என்று தெரிந்ததால் புது பேட்டரிச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொண்டோம்.

விலைக்கு வந்தோம். சோலாருக்கு மட்டும் மூன்று லட்சம் என்றார் புரோக்கர். அந்த வருடம் பிப்ரவரியில்தான் பிரதமரின் சூர்ய கர் திட்டம் வந்திருந்தது. வீட்டுக்கு 3 கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய் மானியம். நான் வாங்கிய கொட்டேஷன் 1,95,000. மானியம் போக 1,17,000க்குப் புத்தம் புதிதாகவே போட்டுவிடலாம். இதை ஆசிரியரிடம் நேரிலேயே எடுத்துச் சொன்னேன். பேனலுக்கு இன்னும் இருபது வருட ஆயுள் உண்டு என்றாலும் இன்வெர்ட்டருக்கு உத்தரவாதம் ஐந்து வருடம்தான், அதில் பாதிக்கு மேல் ஓடிவிட்டது. 60,000 என்று முடிந்தது.

பத்திரத்தில் மின் இணைப்பும் அதன் டெபாசிட்டும் உட்பட என்று வழக்கமாக ஒரு வரி வரும். சோலார் பற்றி அதில் எதுவும் இருக்காது. பத்திர எழுத்தரிடம் சொல்லி, பேனல்களின் எண்ணிக்கை, இன்வெர்ட்டரின் சீரியல் நம்பர், மின்வாரியத்திடம் எடுக்கும் கரண்டையும் அதற்குக் கொடுக்கும் கரண்டையும் அளக்கும் நெட் மீட்டர் எல்லாவற்றையும் சொத்து விவரத்தில் சேர்க்க வைத்தோம். இன்னொன்று, ஆசிரியர் சோலாருக்கு வங்கியில் தனியாகக் கடன் வாங்கி அடைத்திருந்தார். அந்தக் கடன் வில்லங்கச் சான்றில் வரவில்லை. வாய் திறந்து கேட்டதால்தான் தெரிந்தது. கடன் முடிந்த கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டோம்.

மற்ற காகிதங்கள் ஒரு மஞ்சப்பையில் இருந்தன. பில், உத்தரவாத அட்டை, எடுத்ததில் கொடுத்ததைக் கழித்துப் பில் போடுவதற்கான நெட் மீட்டரிங் ஒப்பந்தம், மின்வாரியம் சோதித்துக் கொடுத்த அறிக்கை. முன்பணம் கொடுத்த அன்றே அந்தப் பையை வாங்கியிருக்க வேண்டும். பத்திரம் முடிந்த பிறகு பெங்களூரிலிருந்து கூரியரில் வரவழைத்தோம்.

பெயர் மாற்றத்துக்கு ஆன்லைனில் விண்ணப்பித்தேன். கிரயப் பத்திரம், சொத்து வரி ரசீது, அவருடைய சம்மதக் கடிதம் கொடுத்தேன். பிறகு நெட் மீட்டரிங் ஒப்பந்தத்தையும் என் பெயரில் போட்டுக்கொண்டேன். இணைப்பில் ஆசிரியரின் செல்போன் நம்பர்தான் இருந்தது, அதையும் அப்போதே மாற்றினேன். அதுவரை எங்கள் பில் விவரமெல்லாம் அவருக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. இதெல்லாம் அலைச்சல் இல்லாமல் முடிந்தது.

அலைய வைத்தது ஆப்தான். இன்வெர்ட்டரை வைஃபையில் இணைத்து செல்போனில் உற்பத்தியைப் பார்க்கும் ஆப், சோலார் போட்டுக் கொடுத்த கடையின் கணக்கில் இருந்தது. அந்தக் கடையோ மூடிவிட்டது, போன் எடுக்க ஆள் இல்லை. இன்வெர்ட்டர் தயாரித்த கம்பெனிக்கே எழுதி, சீரியல் நம்பர் ஒட்டியிருந்த பக்கத்தைப் படமெடுத்து, பழைய பில்லையும் கிரயப் பத்திரத்தின் முதல் பக்கத்தையும் அனுப்பி, மூன்று வாரம் கழித்துத்தான் என் கணக்குக்கு வந்தது. ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போதே அந்தக் கடைக்காரரை அழைத்து மாற்றியிருந்தால் ஒருவேளை ஒரே நாளில் முடிந்திருக்கும்.

அக்டோபர் மழையில்தான் பெரிய அடி. படுக்கையறை சீலிங்கில் உள்ளங்கை அளவுக்கு ஈரம். மாடியில் போய் அளந்து பார்த்தால் நேர் மேலே பேனல் ஸ்டாண்டின் கால். தட்டோட்டைத் துளைத்து போல்ட் அடித்திருந்தார்கள். தளத்துமேல் கான்கிரீட் கட்டை வைத்து அதில் காலை நிறுத்தியிருக்க வேண்டும். மூன்று பேனலைக் கழற்றி, ஓட்டை அடைத்து, கட்டை போட்டு மறுபடி மாட்ட 14,000 ரூபாய் ஆனது. பேனலைப் பார்க்க மாடிக்கு அத்தனை முறை ஏறிய நான், அதற்கு நேர் கீழே இருக்கும் அறையின் சீலிங்கை ஒரு தடவைகூட அண்ணாந்து பார்க்கவில்லை. நீங்கள் அவசியம் பாருங்கள்.

கழற்றியதில் ஒரு நன்மையும் நடந்தது. நிழலில் இருந்த இரண்டு பேனலையும் கிழக்குப் பக்கம் மாற்றிவிட்டான் மச்சினன். கண்ணாடிமேல் வெள்ளையாகப் படிந்திருந்த உப்பையும் அப்போதுதான் கவனித்தோம். போர் தண்ணியில் கழுவிக் கழுவி வந்தது. இப்போது பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, வெயில் ஏறுவதற்குமுன் நல்ல தண்ணியில் கழுவுகிறோம். இங்கே மயில் அதிகம், பேனல்மேல்தான் வந்து உட்காரும். ஒரே ஒரு இடத்தில் எச்சம் காய்ந்து கிடந்தாலும் உற்பத்தி குறைவது ஆப்பில் தெரிகிறது.

ஏப்ரல், மே பில்லில் நாங்கள் வாரியத்திடம் எடுத்தது 402 யூனிட், கொடுத்தது 391. ஏசி ஓடிய இரண்டு மாதம் அது.

ஆப்பில் ஆசிரியருக்கும் பார்க்கும் வசதி கொடுத்திருக்கிறேன், அவர்தான் கேட்டார். ஜூன் இரண்டாவது வாரம் உற்பத்தி ஏழு யூனிட்டுக்கு இறங்கியதும் நான் பதறிப்போய் ஃபியூஸைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அவரே போன் செய்தார். "தம்பி, ஒண்ணும் கழட்டாதீங்க. பாலக்காட்டுக் காத்தும் மேகமும் வந்துருச்சு. ஆகஸ்ட் வரைக்கும் இப்படித்தான் இருக்கும்."