எந்த வீட்டின் எந்தச் சட்டம்? பழைய மரத்தில் செய்த சாப்பாட்டு மேசை வாங்குவோருக்கு

பழைய மரத்தில் செய்த சாப்பாட்டு மேசையை விற்கும் கடைகளில், அது காரைக்குடியானாலும் சென்னையானாலும் புதுச்சேரியானாலும், வாங்க வருபவரிடம் முதலில் சொல்லப்படுவது ஏறக்குறைய ஒரே வாக்கியம்தான்: "செட்டிநாட்டு வீட்டு மரம், அசல் பர்மா தேக்கு." பல நேரங்களில் அது உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அந்த உண்மையை அறிந்துகொள்ளும் வழி எதுவும் அந்த வாக்கியத்திற்குள் இல்லை. ஆகவே "இது என்ன மரம்?" என்று கேட்பதை நான் பின்னுக்குத் தள்ளிவிட்டு, "மேசையாவதற்கு முன் இது வீட்டில் என்னவாக இருந்தது?" என்றுதான் முதலில் கேட்கிறேன். தூணா, குறுக்கு விட்டமான உத்தரமா, கூரை ஓடுகளைத் தாங்கும் கைமரமா, கதவைச் சுற்றிய நிலையா, கதவுப் பலகையா என்று விற்பவர் ஒரு பதிலைச் சொல்லிவிட்டால், அந்தப் பதிலை மேசையின் மீதே வைத்துச் சரிபார்க்க முடியும்.

இந்த மரம் இங்கே எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பர்மாவில் வட்டித் தொழில் நடத்திய நகரத்தார் என்னும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், ஏறக்குறைய 1850 முதல் 1940 வரையிலான காலத்தில், இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியிருக்கும் தங்கள் ஊர்களில் பெரும் வீடுகளைக் கட்டினார்கள். ரங்கூனிலிருந்தும் மௌல்மேனிலிருந்தும் கப்பலில் வந்த தேக்கு அந்த வீடுகளின் முகப்பிலும், முற்றத்தைச் சுற்றிய வளவிலும் தூண்களாகவும் உத்தரங்களாகவும் கதவுகளாகவும் நின்றது. பச்சைத் தேக்கு நீரில் மிதக்காது. அதனால் பர்மாக் காடுகளில், வெட்டுவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெளிமரத்தையும் வளையமாக வெட்டி, மரத்தை நின்ற நிலையிலேயே காய விட்டு, பிறகுதான் வீழ்த்தி ஆற்றில் மிதக்கவிட்டார்கள். 1942-இல் ஜப்பானியர் படையெடுப்போடு பர்மா வாழ்க்கை குலைந்தது, சொத்துகள் போயின, வீடுகள் மட்டும் மிஞ்சின. தலைமுறை பெருகப் பெருக, ஒரே வீட்டுக்குப் பல பங்குதாரர்கள் ஆகிப் பராமரிக்க முடியாத நிலை வந்தபோது, அந்த வீடுகளில் பல பிரிக்கப்பட்டு, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கும் மரக் கடைகளுக்கும் வந்து சேர்ந்தன.

இனி மேசைக்கு வருவோம். வீட்டின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் அளவு உண்டு. அந்த அளவை மீறிய பலகையை அதிலிருந்து எடுக்க முடியாது. கூரை ஓடுகளைத் தாங்கும் கைமரங்கள் பெரும்பாலும் குறுகிய சட்டங்கள். அவற்றை அறுத்துச் செய்த மேசையின் மேற்பரப்பு பல குறுகிய பட்டைகளை ஒட்டியதாகத்தான் இருக்கும், அதில் ஒரு குறையும் இல்லை. உத்தரத்தையோ முழுத் தேக்குத் தூணையோ வாள்போட்டு அறுத்தால் அகலமான பலகைகள் கிடைக்கும், ஆனால் அவற்றில் நீளவாக்கில் வெடிப்பும் பழைய துளைகளும் இருந்தே தீரும். கதவுப் பலகை அகலமாக இருக்கும், கனம் குறைவாக இருக்கும். ஆகவே மூன்றடி அகல மேற்பரப்பை இரண்டே பலகையில் முடித்து, "கைமரத்தில் எடுத்தது" என்று ஒருவர் சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். இதற்கு நேர்மாறாக, கையளவு நீளமுள்ள துண்டுகளின் முனைகளைப் பல்பல்லாக வெட்டி ஒன்றோடொன்று கோத்து ஒட்டிய மேற்பரப்பைக் காட்டி "உத்தரத் தேக்கு" என்றால், அது எங்கோ மிஞ்சிய கழிவுத் துண்டுகளின் தொகுப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அடுத்து மேசையின் அடிப்பக்கம். மேல்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றிவிடுவார்கள்; அடிப்பக்கத்தில் அந்த அளவு உழைப்பைச் செலவிடுபவர் மிகக் குறைவு. குனிந்து, முடிந்தால் கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கையால் இழைத்த பரப்பில் இழைப்புளி போன தடங்கள் மெல்லிய அலைகளாகத் தெரியும்; கையால் ரம்பம் இழுத்த பலகையில் கோடுகள் நேராக இருந்தாலும் இடைவெளியும் சாய்வும் மாறிக்கொண்டே இருக்கும்; வட்ட ரம்பம் பிறை வடிவக் கோடுகளை விட்டுச் செல்லும். வட்டக் கோடு இருப்பதாலேயே அது புது மரம் என்று முடிவு செய்துவிடக் கூடாது, ஏனென்றால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ரங்கூனிலும் மௌல்மேனிலும் நீராவியால் இயங்கும் மர அறுவை ஆலைகள் இருந்தன.

எனக்கு மிகவும் நம்பகமாகத் தோன்றும் தடயம் ஆணித் துளைதான். பல பத்தாண்டுகள் மரத்துக்குள் இருந்த இரும்பாணி, ஈரத்தோடும் மரத்தின் சாரத்தோடும் சேர்ந்து, துளையைச் சுற்றிக் கருநிறக் கறையை உண்டாக்கும். அந்தக் கறை மரத்தின் நார் ஓடும் திசையிலேயே நீண்டு, உள்ளே ஆழமாகவும் இறங்கியிருக்கும். புது மரத்தில் துளையிட்டுப் பழையதாகக் காட்டும்போது துளை சுத்தமான வட்டமாக இருக்கும், ஓரம் வெளுத்திருக்கும், கறை இருந்தாலும் மேலே பூசிய சாயமாகவே இருக்கும். துளைகள் எங்கே இருக்கின்றன என்பதையும் பாருங்கள். ஓடு வேய்வதற்காகக் கைமரத்தின் மேல் குறுக்கே ரீப்பர் பட்டைகளை அடித்த ஆணிகள் ஓரளவு சீரான இடைவெளியில் ஒரே பக்கத்தில் வரிசையாக வரும். நிலைச் சட்டத்தில் கீலும் தாழ்ப்பாளும் இருந்த பள்ளங்கள் இருக்கும். உத்தரத்தில் மற்றொரு சட்டம் வந்து உட்கார்ந்த செவ்வகப் பள்ளம் இருக்கும். இத்தகைய பள்ளங்களை அதே மரத்தின் துண்டு வைத்து அடைத்திருக்கும் தச்சரை நான் மதிக்கிறேன். மக்கு என்னும் நிரப்புப் பசையை வைத்து நிரப்பிச் சாயம் பூசி மறைத்திருந்தால், எதை மறைத்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை.

மர வகையை அறிய எடையைத் தூக்கிப் பார்ப்பது நம் ஊரில் வழக்கம். அந்தச் சோதனை எதிர்பார்க்கும் அளவுக்கு உதவாது. காய்ந்த தேக்கு ஒரு கன மீட்டருக்குச் சுமார் 650 கிலோ, அதாவது கன அடிக்கு ஏறக்குறைய 18 கிலோ. ஆறடி நீளம், மூன்றடி அகலம், ஒன்றேகால் அங்குலக் கனமுள்ள மேற்பலகை 34, 35 கிலோ வரும். மாமரமும் ரப்பர் மரமும் இந்த எடைக்கு அருகிலேயே இருக்கின்றன; மரத்தூளை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையோ பல நேரங்களில் தேக்கைவிடக் கனமானது. எடையால் பிரித்தறியக்கூடியவை ஒருபுறம் பைன் போன்ற இலேசான மரங்களும், மறுபுறம் ஈட்டி, வேங்கை போன்ற கனத்த மரங்களும் மட்டுமே.

அதைவிடப் பலகையின் வெட்டு முனை நன்றாகப் பேசும். மேற்பரப்பில் ஓடும் ரேகைகள் விளிம்பைக் கடந்து முனையிலும் வளையக் கோடுகளாகத் தொடர வேண்டும்; மேலே அழகிய ரேகையும் முனையில் தனியாக ஒட்டிய பட்டையும் இருந்தால், அது வினீர் என்னும் மெல்லிய மரத்தகடு ஒட்டிய பலகை. தேக்கில் ஒவ்வோர் ஆண்டு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய நுண்துளைகள் வரிசைகட்டி நிற்பதை, முனையைச் சற்றே செதுக்கிவிட்டு ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் எவரும் காணலாம். மாமரத்திலும் ரப்பர் மரத்திலும் துளைகள் எங்கும் சிதறியே இருக்கும். மெருகு படாத அடிப்பக்கத்தில் தேக்கு இலேசான எண்ணெய்ப் பிசுக்கோடு கைக்குத் தட்டுப்படும். உப்புத்தாளால் ஓரிடத்தில் தேய்த்தால் பதனிட்ட தோலை ஒத்த மணம் எழும். வேங்கையைத் தேக்கு என்று விற்கிறார்களோ என்ற ஐயம் வந்தால், சிறிது மரச் சீவலைத் தண்ணீரில் போட்டு வெளிச்சத்தில் பாருங்கள். வேங்கையின் நீரில் நீலச் சாயல் ஒளிரும். வேங்கை எவ்விதத்திலும் இழிந்த மரமல்ல, நல்ல மேசைக்கு உகந்தது; ஆனால் தேக்கின் விலைக்கு வாங்கக் கூடாது.

தேக்கு என்று உறுதியான பிறகும் அது பர்மாவா, கேரளத்து நிலம்பூரா, வேறு நாட்டுத் தோட்டத் தேக்கா என்பதைக் கண்ணால் மட்டும் யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்பதே என் முடிவு. வளையங்கள் மிக நெருக்கமாக இருந்தால் மெதுவாக வளர்ந்த காட்டு மரம் என்று ஊகிக்கலாம். அந்த நெருக்கமே வலிமைக்குச் சான்று என்று கொள்வது சரியன்று, விரைவாக வளர்ந்த தேக்கும் போதிய வலிமை உடையதாக இருக்கக்கூடும். நான் பார்ப்பது வைரம் என்னும் முற்றிய உள்மரம் எவ்வளவு, அதைச் சுற்றிய வெளிர்நிறப் பகுதி எவ்வளவு என்பதைத்தான். இள வயதிலேயே வெட்டப்பட்ட தோட்டத் தேக்கில் வெளிர்ப் பகுதி கணிசமாக இருக்கும், உளுத்துப்போவதும் அந்தப் பகுதிதான். மியன்மார் 2014 ஏப்ரல் முதல் மரத்தை வெட்டுக்கட்டையாக ஏற்றுமதி செய்வதைத் தடை செய்துவிட்டதால், "புதிதாக இறக்கிய பர்மாக் கட்டையில் செய்தது" என்ற பேச்சு வந்தால் அதற்குரிய ஆவணத்தைக் கேட்க வேண்டும். பழைய வீட்டு மரத்துக்கோ பர்மா என்ற பெயரைவிட, அது எந்த ஊர் வீட்டிலிருந்து வந்தது என்ற செய்தி பெரிய சான்று.

உளுப்பைப் பற்றி ஒரு சொல். ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள துளைகள் இருப்பது மட்டும் அஞ்சத்தக்கது அல்ல; வண்டு எப்போதோ வெளியேறியிருக்கலாம். மேசையைத் தட்டிவிட்டு அடியில் ஒரு கறுப்புத் துணியை விரித்து வையுங்கள். மாவு போன்ற புதுத் தூள் உதிர்ந்தால் வண்டு உள்ளே உயிரோடு இருக்கிறது என்று பொருள். அத்தகைய மேசையை மருந்தடித்துத் தருவதாகச் சொன்னாலும் நான் வாங்க மாட்டேன்.

பழைய மரம் என்றால் காய்ந்த மரம் என்று நம்புவது பரவலான பிழை. நூறாண்டு காய்ந்த சட்டத்தைப் பிரித்து வந்து திறந்த வெளியில் தார்ப்பாயின் கீழ் இரண்டு மழைக்காலம் போட்டு வைத்தால் அது மறுபடியும் ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். ஊசி வைத்துக் குத்திப் பார்க்கும் கையடக்க ஈரப்பத மானி நல்ல தச்சுப் பட்டறைகளில் இருக்கிறது. அதில் 10 முதல் 12 விழுக்காடு காட்டினால் நிம்மதியாக வாங்கலாம். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசைவதில்லை, அகலவாக்கில் பருவத்துக்குப் பருவம் விரிந்து சுருங்குகிறது. மூன்றடி அகலப் பலகையில் அது சில மில்லிமீட்டர் வரை போகும். ஆகவே மேற்பலகையைக் கீழ்ச் சட்டத்தோடு அசையவிடாமல் இறுக்கித் திருகாணி போட்டிருக்கிறார்களா, அல்லது திருகாணி நகர நீள்துளை விட்டிருக்கிறார்களா என்று அடியில் பாருங்கள். இறுக்கிப் போட்டிருந்தால், குளிரூட்டிய அறைக்குப் போன முதல் ஆண்டிலேயே பலகை வெடிக்க வாய்ப்புண்டு.

மரம் தரமானதாக இருந்தாலும் சாப்பாட்டு மேசைக்கு ஆகாத பழைய மரங்கள் சில உண்டு. ரயில் தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த ஸ்லீப்பர் கட்டைகளில் கிரியோசோட் என்னும் நிலக்கரித் தார் எண்ணெய் ஏற்றப்பட்டிருக்கலாம். புற்றுநோய் ஆபத்துள்ள அந்தப் பொருளுக்கு மேல் சோற்றுத் தட்டை வைப்பதற்கு எந்த மெருகும் சமாதானமாகாது. பழைய வண்ணம் பூசிய கதவை அப்படியே மேசையாக்கி, உரிந்த வண்ணத்தையே அழகாகக் காட்டும் பாணியும் எனக்குக் கவலை தருகிறது: வீட்டு பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இத்தகைய மேசை வேண்டாம். சரக்குப் பெட்டிகளின் பைன் மரத்தில் செய்த மேசையானால் பலகையில் முத்திரையைத் தேடுங்கள், எச்.டி. என்றிருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது, எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சுவாயுவால் பதப்படுத்தியது.

செட்டிநாட்டு ஊர்த் தொகுப்பு 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத்துக்கான உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆயினும் வீடுகள் பிரிக்கப்படுவது நிற்கவில்லை. இடிந்து கூரை விழுந்த வீட்டின் சட்டம் மழையில் மக்குவதைவிட ஒரு குடும்பத்தின் சாப்பாட்டு மேசையாவது நல்லது என்று உறுதியாக நம்புகிறேன். நல்ல நிலையில் நிற்கும் வீட்டை மரத்துக்காகவே பிரிப்பது அப்படியன்று, அதற்கு நம் பணம் போய்ச் சேரக் கூடாது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மேசையைப் பார்த்து அறிய முடியாது; விற்பவரிடம் கேட்டுத்தான் அறிய வேண்டும். நேர்மையான வணிகர்கள் இந்தக் கேள்விக்கு முகம் சுளிப்பதில்லை. பலர் வீட்டைப் பிரிக்கும் முன் எடுத்த படங்களையே காட்டுகிறார்கள்.

கேட்டுத் தெரிந்துகொண்டவற்றை ரசீதில் எழுதி வாங்குங்கள்: மரத்தின் பெயர், அது முன்பு எந்த உறுப்பாக இருந்தது, எந்த ஊரிலிருந்து எந்த ஆண்டில் பிரித்து எடுக்கப்பட்டது, கால்களும் சட்டங்களும் அதே மரம்தானா அல்லது புது மரமா என்பவை. "தேக்கு மேசை 1" என்று மட்டும் எழுதிய ரசீதால் பின்னாளில் எதையும் நிலைநாட்ட முடியாது. வெளிநாட்டில் வாழ்பவர்கள் ஈட்டி மர மேசையை எடுத்துச் செல்ல எண்ணினால் இந்த ரசீது இன்னும் முக்கியம். ஈட்டி அடங்கிய டால்பெர்ஜியா பேரினம் ஏறக்குறைய முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 2017 ஜனவரி முதல் இருக்கிறது. ஒரு சரக்கில் 10 கிலோ வரையிலான, செய்து முடித்த பொருட்களுக்கு 2019-இல் கிடைத்த விலக்கு ஒரு சாப்பாட்டு மேசைக்குப் போதாது, உரிய அனுமதிச் சான்று வேண்டும். அந்தச் சான்றுக்கு விண்ணப்பிக்கும்போது, மரம் பட்டியலில் சேர்வதற்கு முன்பே வீட்டில் இருந்தது என்பதைக் காட்ட ஊரும் ஆண்டும் எழுதிய ரசீது கைகொடுக்கும். தேக்குக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.