அந்த ஐந்து மாதங்கள்

மார்ச் 3

ஒப்புக்கொண்டுவிட்டேன். எட்டு வருஷத்துக்கு முன் காலமான ஒரு கம்பாசிட்டரின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதித் தர வேண்டும். கேட்டவர் அவருடைய மகள். என்னைவிட மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். நாற்பது வருஷம் ஈய எழுத்துகளைக் கோத்து ஊரார் எழுதியதையெல்லாம் அச்சேற்றிய மனிதர், தன்னைப் பற்றி ஒரு பக்கம்கூட எழுதி வைக்கவில்லை. உயிரோடு இருந்தபோதே கேட்டிருக்கலாம் என்று இப்போது அங்கலாய்த்து என்ன ஆகப்போகிறது? உ.வே.சா.வின் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை மறைந்தது 1876இல். அவருடைய சரித்திரத்தின் முதல் பாகத்தை உ.வே.சா. வெளியிட்டது 1933இல். எட்டு வருஷமெல்லாம் ஒரு தாமதமா!

கையில் இருப்பது ஒரு தகரப் பெட்டி. உள்ளே பதினொரு பாக்கெட் நோட்டுகள், ஒரு பழைய துண்டறிக்கை, துரு ஏறாத ஒரு ஸ்டிக் (எழுத்துகளை வரிவரியாகக் கோக்கும் கைச்சட்டம்).

மார்ச் 9

முதல் அத்தியாயம் எழுதினேன், கிழித்தேன். பிறந்தார், பள்ளியை விட்டார், அச்சகத்தில் சேர்ந்தார். வேலைக்கு விண்ணப்பம் போட்டதுபோல இருந்தது.

அலெக்சாந்தரின் வரலாற்றைத் தொடங்கும்போதே கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் ஒன்றைச் சொல்லிவிடுகிறார்: ஆயிரக்கணக்கானோர் மடிந்த போரைவிட ஒரு சின்னப் பேச்சோ கேலியோ ஒருவரின் குணத்தைக் கூடுதலாகக் காட்டிவிடும். சுமார் 1,900 வருஷத்துக்கு முந்திய பேச்சு. இது தெரிந்தும் பிறந்த தேதியில்தான் பேனா போய் நிற்கிறது.

வருஷத்துக்கு இத்தனை பக்கம் என்று பங்கு போட வேண்டியதில்லை என்ற தைரியம், ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சனின் வரலாற்றை எழுதிய பாஸ்வெல்லைப் பார்த்து வந்தது. 1763இல் அவர் ஜான்சனைச் சந்தித்தபோது ஜான்சனுக்கு வயது 53. அந்த 53 வருஷங்களுக்குப் புத்தகத்தில் சிறு பங்குதான். நேரில் பார்த்துக் கேட்ட பிற்காலம்தான் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது.

மார்ச் 17

அக்காவோடு மூன்று மணி நேரம். அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜான்சனின் வரலாற்றை எழுதும் ராபர்ட் காரோ, பேட்டி எடுக்கும்போது 'வாயை மூடு' என்பதற்கான இரண்டு ஆங்கில எழுத்துகளை நோட்டில் எழுதிக்கொள்வாராம். எதிரே இருப்பவர் மௌனமாகும்போது நாம் பேசி அதை நிரப்பிவிடக் கூடாது என்பதற்காக. நானும் பக்கத்தின் மேலே 'வா.மூ.' என்று எழுதிக்கொண்டேன். அப்படியும் நாலு இடத்தில் குறுக்கே பேசியிருக்கிறேன். பதிவைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

குடும்பத்தில் எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. அச்சகத்தில் வேலைநிறுத்தம். மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் வேலை என்றார் முதலாளி. "என் கை அடுத்தவன் எழுதினதைத்தான் கோக்கும், இதைக் கோக்காது" என்று சொல்லிவிட்டு அப்பா வெளியே வந்துவிட்டார். அக்கா சொன்னதும் அவர் தம்பி தொலைபேசியில் சொன்னதும் வார்த்தைக்கு வார்த்தை ஒன்று. எனக்கு அதுதான் உறுத்துகிறது. ஒரே சம்பவத்தை இரண்டு பேர் இப்படி அச்சடித்த மாதிரி சொல்ல மாட்டார்கள். சொல்லிச் சொல்லித் தேய்ந்து வழவழப்பான கதை.

மார்ச் 18

பதிவை எழுத்தாக்கினேன். முதுகு வலி. வேறொன்றும் இல்லை.

மார்ச் 26

நோட்டுகளில் தேதியும் கிழமையும் உண்டு, வருஷம் கிடையாது. '12 வியாழன், முழு நாள், இரவும்' என்கிற மாதிரி. மாதம் பக்கத்தின் தலையில். தனக்காக எழுதுகிறவனுக்கு வருஷம் எதற்கு?

நாலாவது நோட்டில் செப்டம்பர் 12 வியாழக்கிழமை. பழைய நாட்காட்டியைப் புரட்டினால் அது 1968, 1974, 1985 மூன்றிலும் பொருந்துகிறது. அதே நோட்டில் ஆகஸ்ட் மாதம் 'பாப்பாவுக்கு மருந்து' என்று ஒரு வரி. அக்கா பிறந்தது 1970, மூத்த பிள்ளை. ஆக 1968 இல்லை. 1985இல் அவர் இரண்டாவது அச்சகத்தில் இருந்தார், 'பாப்பா'வுக்குப் பதினைந்து வயது. மிச்சம் 1974.

ஒரு வரிக்கு வருஷம் கண்டுபிடிக்க ஒரு நாள் போயிற்று. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். எனக்கு என்னவோ இதைப் போலச் சுகம் வேறெதிலும் இல்லை.

ஏப்ரல் 2

தகரப் பெட்டியில் இருந்த துண்டறிக்கையை இன்றைக்குத்தான் ஒழுங்காகப் படித்தேன். '9.9.1974 முதல் காலவரையற்ற வேலைநிறுத்தம்.'

நோட்டை மறுபடி எடுத்தேன். 12 வியாழன், முழு நாள், இரவும். 13 வெள்ளி, முழு நாள். 14 சனி, முழு நாள், இரவும்.

வேலைநிறுத்தம் நடந்தபோது அவர் உள்ளே இருந்திருக்கிறார்.

பிப்ரவரிப் பக்கத்தில் 'நின்னாச்சு' என்ற ஒரே சொல். அடிக்கோடு இல்லை, காரணம் இல்லை. வேலையை விட்டது வேலைநிறுத்தத்தின்போது அல்ல, ஐந்து மாதம் கழித்து.

ஏப்ரல் 11

அந்த அச்சகத்தில் பக்கத்து கேஸில் (எழுத்துகளை அறை அறையாகப் பிரித்து வைக்கும் பெட்டி) நின்று வேலை பார்த்தவரைத் தேடிப் பிடித்தேன். போன தடவை தொலைபேசியில் "நல்ல மனுஷன், நல்ல வேலைக்காரன்" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

லிண்டன் ஜான்சனின் தம்பி முதலில் சொன்ன சுவையான கதைகளில் காரோவுக்கு நம்பிக்கை வரவில்லை. அவரைச் சிறுவயது வீட்டின் சாப்பாட்டு மேசையில், அவர் வழக்கமாக உட்கார்ந்த இடத்திலேயே உட்காரவைத்து, தான் பின்னால் அமர்ந்து கேட்டார். அப்புறம் பழைய கதைகளை விரிவாகச் சொல்லச் சொன்னபோது, முடியாது, அவை நடக்கவே இல்லை என்றார் தம்பி.

என்னிடம் வீடும் இல்லை, மேசையும் இல்லை. ஸ்டிக் இருந்தது. எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

இடது கை தானாக அதை வாங்கிக்கொண்டது. கட்டைவிரல் உள்ளே போய், இல்லாத எழுத்தை அழுத்திப் பிடித்தது. வலது கை காற்றில் கேஸைத் தேடியது. எழுத்தைப் பார்க்கவே மாட்டோம், எழுத்தின் பக்கத்தில் இருக்கும் சிறு பள்ளமான நிக்கை விரலால் தடவித் தலைகீழாக வைப்போம் என்றார். கொஞ்ச நேரம் அப்படியே கோத்துக்கொண்டிருந்தார். நான் பேசவில்லை.

"வந்தான்மா. பின்பக்கமா வந்து கோத்தான். நாங்க வாசல்ல நின்னோம். முடிஞ்சு உள்ள போனப்புறம் யாரும் அவன்கூட பேசல. நானும்தான். எம் பக்கத்து கேஸ், கை நீட்டினா தொட்டுடலாம். ஐஞ்சு மாசம்."

எதற்காக வந்தார் என்று கேட்டேன். "கேட்டாத்தானே தெரியும்? நாங்க பேசவே இல்லையே."

ஏப்ரல் 14

ஆகஸ்டில் பாப்பாவுக்கு மருந்து. செப்டம்பரில் வேலைக்குப் போனார். இரண்டையும் ஒரு 'அதனால்' போட்டு இணைத்தால் போதும், அத்தியாயம் கண்ணீரோடு எழுந்து நிற்கும். காலையில் அப்படித்தான் எழுதினேன். படிக்க நன்றாகவே இருந்தது.

மத்தியானம் அடித்தேன். அந்த 'அதனால்' அவருடையது இல்லை, என்னுடையது. மருந்து வரியை அதன் இடத்திலும் வேலை வரியை அதன் இடத்திலும் வைத்து, நடுவில் எனக்குத் தெரியாதது இருக்கிறது என்றே எழுதிவிட்டேன். முன்பைவிட வரட்சியாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

முதல் அத்தியாயம் எங்கே தொடங்க வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது. யாரும் பேசாத ஒரு கேஸ் முன்னால் ஒருவர் நின்று, நாளெல்லாம் பிறருடைய சொற்களைக் கோக்கிறார்.

ஏப்ரல் 27

வரைவை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அச்சில் வந்த பிறகு தெரிவதைவிட இப்போதே கோபப்படட்டும் என்று. புத்தகமே வேண்டாம் என்றாலும் சரி, பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

படித்து முடித்தார். மூடினார். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"எனக்கு நாலு வயசு அப்ப. ராத்திரி வந்ததும் என்னை மடியில வெச்சுக்கிட்டுப் பேசுவார், நான் தூங்கினப்புறமும் பேசுவாராம். எனக்கு ஞாபகத்துல இருக்கிற முதல் அப்பா அதுதான். அப்புறம் திடீர்னு ஒருநாள் குறைஞ்சுபோச்சு. நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்னு நினைச்சேன். இவ்வளவு நாளும் அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன்."

நாலு வயது நினைவை எவ்வளவு நம்பலாம், அது குறைந்தது பிப்ரவரிக்குப் பிறகுதானா, எல்லாம் பார்க்க வேண்டும். அது நாளைக்கு.

"என்ன பேசுவார்னு சொல்லட்டுமா?" என்றார்.

புதுப் பக்கம் திருப்பி, மேலே 'வா.மூ.' என்று எழுதினேன்.