'கொ.' என்றால் கொண்டலாம்பட்டி இல்லை

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இரண்டு இனிஷியல். இரண்டாவது, அப்பா பெயர். முதலில் வரும் 'கொ.' எதற்கு என்று கேட்டால், "பூர்வீகம் சேலம் பக்கத்துல கொண்டலாம்பட்டி, அதான்" என்பார் அப்பா. அவர் போன பிறகு அது சரிதானா என்று பார்த்தே தீரவேண்டும் என்றிருந்தது.

பழைய சென்சஸில் கிடைத்துவிடும் என்று நம்பித்தான் தொடங்கினேன். சென்னை மாகாணத்தில் 1871-லேயே கணக்கெடுத்திருக்கிறார்கள். சேலம் மாவட்ட அட்டவணைகளும் இருக்கின்றன. ஆனால் ஒரு ஆள் பெயர்கூட இல்லை. தாலுகா, சாதி, தொழில், எண்ணிக்கை, அவ்வளவுதான். பெயர் எழுதிய தாள்களைக் கணக்குப் போட்டு முடித்ததும் அழித்துவிட்டிருக்கிறார்கள். 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிநபர் விவரத்தை யாருக்கும் காட்டவும் கூடாது.

ஒரு எண் மட்டும் தூங்கவிடவில்லை. 1871-இல் மாவட்டத்தில் 19 லட்சம் பேருக்கு மேல். 1881-இல் 16 லட்சம்கூட இல்லை. இடையில் தாது வருஷப் பஞ்சம். சோற்றுக்கே இல்லாதபோது துணி யார் வாங்கியிருப்பார்கள்? எங்களுடையது தறிக்காரக் குடும்பம். எப்படித் தப்பினார்களோ.

சரி, பெயர் எங்கே இருக்கும்? பத்திரத்தில். நான் தேடியபோது ஆன்லைன் வில்லங்கச் சான்று 1975-க்கு முன்னால் போகவில்லை. அதற்கு முந்தியதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு, கையால் எழுதிய பதிவுப் புத்தகத்தில் தேடச் சொல்ல வேண்டியிருந்தது. பழைய கதவு எண் தெரியாமல் இரண்டு முறை திரும்பி வந்தேன். போகிறவர்கள் பழைய வீட்டு வரி ரசீதை எடுத்துக்கொண்டு போங்கள். மூன்றாம் முறை, சேலம் குகைப் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டின் 1958 பத்திர நகல் கிடைத்தது. அதிலும் வெறும் 'கொ.'தான்!

வழி காட்டியது பக்கத்து வீட்டுப் பாட்டி. அவர்களுடைய தாய்ப்பத்திரம் 1936-ஆம் வருஷத்தது, தகரப் பெட்டியில் இருந்தது. மடிப்பில் கிழிந்து, மை பழுப்பேறிய தாள். கடைசிப் பக்கத்தில் நான்கெல்லை, அதாவது வீட்டின் நாலு பக்கமும் யார் இடம் என்ற விவரம்: "கொண்டா" என்று தொடங்கி, என் கொள்ளுத்தாத்தா பெயர், அப்புறம் "செட்டியார் வீட்டுக்குக் கிழக்கு". திரும்பத் திரும்பப் படித்தேன். எங்கள் பத்திரத்தில் சுருங்கிப்போன பெயர், அடுத்த வீட்டு எல்லையாக முழுசாக நின்றுகொண்டிருந்தது. உங்கள் பத்திரத்தில் இல்லையென்றால் அக்கம்பக்கத்துப் பத்திரத்தின் நான்கெல்லையைப் பாருங்கள் என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன்.

கொண்டா என்றால் தெலுங்கில் மலை. ஊர்ப்பெயர் இல்லை, எங்கள் வீட்டுப்பெயர், அதாவது தெலுங்குக்காரர்கள் பெயருக்கு முன்னால் போடும் குடும்பப் பெயர். அன்று சாயங்காலமே அத்தைக்குப் போன் செய்தேன்.

"இதுக்கா இவ்வளவு அலைஞ்ச? என் கல்யாணத்துல மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நம்மளை 'கொண்டாவாரு'ன்னுதான் கூப்பிட்டாங்க" என்றார். "என்கிட்ட யாரும் கேக்கலையே சாமி."