உப்பு விட்டுப் பிரித்த ஹோட்டல் சோப்

ஹோட்டல் அறைகளில் மிஞ்சும் குட்டிச் சோப்புகளை உருக்கி அப்படியே அச்சில் ஊற்றினால் நுவரெலியா ஈரத்துக்குக் காயவே காயாது, வியர்த்துக்கொண்டே இருக்கும். இந்த முறை உப்பு விட்டுப் பிரித்தேன். பாத்திரம் தேய்க்க அருமையான, இறுகிய கட்டி கிடைத்திருக்கிறது!

தரம் பிரிக்க வினாகிரி போதும். சோப் சீவலை வெந்நீரில் கரைத்து ஒரு மூடி வினாகிரி விட்டால், அசல் சவர்க்காரம் பால் போலத் திரியும். டிடர்ஜன்ட் கட்டி திரியாது, அதை ஒதுக்கிவிடுங்கள்.

சரி, உப்புக்கு வருவோம். 1 கிலோ சீவலுக்கு 3 லீற்றர் தண்ணீர். இந்த உயரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும், கரைய நேரமெடுக்கும். அவசரப்படக் கூடாது. கல்லுப்பு 300 கிராமைத் தனியே கரைத்து, மண் போக வடித்து, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். கண்ணைக் கரண்டி மேலேயே வைத்திருங்கள். முதலில் பசையாக இழுபடும். அப்புறம் திப்பி திப்பியாக உடையும். கரண்டியைச் சரிக்கும்போது திப்பிக்கு நடுவே தெளிந்த நீர் தனியாக வழிந்தால் உப்பை நிறுத்தலாம். வழியவில்லையா, இன்னும் விடுங்கள். இறக்கி ஆறவிட்டால் சோப் மேலே மிதக்கும், கிளிசரினும் சாயத்தில் பெரும்பங்கும் அடித்தண்ணீரோடு போய்விடும். தேங்காய் எண்ணெய்ச் சோப் மட்டும் லேசில் பிரியாது. கடல் தண்ணீரிலேயே நுரைக்கிற சாதி அது, உப்பை நிறையக் கேட்கும்.

மிதந்ததைத் துணியில் பிழிந்து, திரும்ப உருக்கி, பால் பெட்டியில் அமுக்கியாயிற்று. அடுப்புக்கு மேல் பரணில் காய்கிறது. உப்புத் தண்ணீரை லீக்ஸ் பாத்திப் பக்கம் ஊற்றிவிடாதீர்கள், மண் கெட்டுவிடும்.

ஏப்ரல் சீசன் முடிந்ததும் விடுதிகளில் சோப் மூட்டையாகக் கிடைக்கும். அறை துப்புரவாக்கும் அக்காமாரிடம் நேரே சொல்லி வையுங்கள். மேலே இருப்பவர்களிடம் கேட்டால் யோசித்துச் சொல்கிறோம் என்பார்கள், அதற்குள் எல்லாம் குப்பை லொறியில் ஏறிவிடும். நல்ல சோப் அப்படிப் போவதைப் பார்க்க வயிறெரிகிறது.

அடுத்தது தரை கழுவும் திரவம். கட்டிச் சோப், அதாவது சோடியம் சோப், அதன் கரைசல் இந்தக் குளிருக்கு ராத்திரியே ஜெலியாக உறைகிறது, இளகலாக நிற்கிற பொட்டாசியம் சோப்தான் வேண்டும். வினாகிரி விட்டால் திரிந்து மிதக்கிறதே, அந்தக் கொழுப்பமிலத்தைச் சாம்பல் தண்ணீரோடு காய்ச்சிப் பார்க்கப் போகிறேன். விறகுச் சாம்பலில் பொட்டாசியம் காபனேற்று இருக்கிறது, அதற்காகத் தேயிலை மிலாறு எரித்த சாம்பலைச் சேர்த்து வருகிறேன். செய்து பார்ப்பவர்கள் பெரிய சட்டியாக எடுங்கள், வாயு கிளம்பிப் பொங்கும்.