நீலாங்கரை மணலில் வீடு: சாயில் டெஸ்ட் எடுத்த கதை

சென்னைக் கடலோரத்தில், நீலாங்கரையில் அப்பாவின் பழைய வீட்டை இடித்துவிட்டு, கீழே கார் நிறுத்தம், மேலே மூன்று மாடி என்று கட்ட முடிவெடுத்தோம். “பக்கத்து மனைக்கு எடுத்த சாயில் டெஸ்ட் (மண் பரிசோதனை) ரிப்போர்ட் இருக்கு சார், அதையே வச்சுக்கலாம்” என்றார் கான்ட்ராக்டர். நான் ஒப்புக்கொள்ளவில்லை. மௌலிவாக்கத்தில் 2014-இல் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்த ஊர் இது.

புது டெஸ்ட்டில் நிலநடுக்கத்தையும் கணக்கில் எடுக்கச் சொன்னேன். சென்னைக்கு எதற்கு நிலநடுக்கக் கணக்கு என்று வீட்டிலும் கேட்டார்கள். 2001 செப்டம்பரில் புதுச்சேரிக்கு அப்பால் கடலுக்கடியில் வந்த நடுக்கம் இங்கேயும் உணரப்பட்டது. நிலநடுக்கத்தைத் தாங்கும்படி கட்டுவதற்கான இந்திய விதிநூல் ஐ.எஸ். 1893. 2002-இல் திருத்தியபோது அது சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து, ஆபத்து கூடுதலான மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றியது. கடலோரத்தில் இன்னொரு கவலையும் உண்டு. தண்ணீர் ஊறிய தளர்ந்த மணல், தொடர்ந்து குலுங்கினால் பிடிப்பு விட்டுக் குழம்பு மாதிரி ஆகிவிடும். சாதாரண ரிப்போர்ட்டில் மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்பது மட்டும்தான் வரும். மணல் இப்படி இளகுமா என்ற கணக்கு, கேட்டால்தான் வரும். அதனால் வேலை ஆணையிலேயே அதை எழுதச் சொன்னேன்.

மண்ணைச் சோதிக்க போர் (ஆழ்துளை) போடும்போது பக்கத்திலேயே நின்றேன். முக்காலியில் தொங்கும் 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிடுவார்கள். அந்த அடியில் மண்ணுக்குள் இறங்கும் குழாயின் முதல் 15 செ.மீ. கணக்கில் வராது, அடுத்த 30 செ.மீ. இறங்க எத்தனை தடவை சுத்தியல் விழுந்தது என்பதுதான் ‘என்’ வேல்யூ. 4.5 மீட்டரில் அது வெறும் 9. மூன்றாம் மண்டலத்தில் அந்த ஆழத்துக்கு விதிநூல் எதிர்பார்ப்பது 15. குழாயைப் பிரித்தால் மாவு போன்ற தூள் கலக்காத சுத்தமான நைஸ் மணல். வண்டல் கலக்காத இந்த மாதிரி மணல்தான் சீக்கிரம் இளகும் என்றார் லேப் இன்ஜினியர்.

டெஸ்ட் எடுத்தது மே மாதம். அன்றைய நீர்மட்டத்தை அப்படியே எழுதிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு அக்காவோ, “கார்த்திகையில வந்து பாருங்க, கிணத்துல கயிறில்லாமலே வாளியால மொள்ளலாம்” என்றார். நீர் மேலே வர வர ஆபத்து கூடும். எனவே மழைக்கால மட்டத்தை வைத்துத் திரும்பக் கணக்குப் போடச் சொன்னேன். முதல் கணக்கில் தப்பித்த மேல் அடுக்கும் இதில் தேறவில்லை.

அப்புறம் சாதாரண ஃபுட்டிங் (ஆழமில்லாத அஸ்திவாரம்) என்ற பேச்சே இல்லை. மணலை அதிரவைத்து இறுக்கும் முறை, சுவரை ஒட்டியே பக்கத்து வீடுகள் இருப்பதால் சரிப்படாது. துளையிட்டு கான்கிரீட் வார்க்கும் பைல் (ஆழமான தூண் அஸ்திவாரம்) தான், அதுவும் இளகும் அடுக்கின் பிடிப்பைக் கணக்கில் சேர்க்காமல், கீழேயுள்ள கெட்டி மணல் வரை. செலவு நன்றாகவே ஏறியது.

கார் நிறுத்தத்துக்காகக் கீழ்த்தளத்தைத் தூண்களோடு மட்டும் விடுவதும் இதோடு சேர்ந்த விஷயம். 2001 பூஜ் நிலநடுக்கத்தில் அகமதாபாத்தில் அப்படிப்பட்ட அடுக்குமாடிகள் பல விழுந்தன. ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் கீழ்த்தளத்தில் இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர் வரைந்தார். ஒரு கார் நிறுத்தும் இடம் போகிறதே என்று தம்பிக்கு வருத்தம். அந்தச் சுவர்களை எடுக்க நான் சம்மதிக்கவில்லை.