மெட்டு பறப்பதற்குள்: ஜூன் மாத நாட்குறிப்பு

ஜூன் 7, சனி

துபாயிலிருந்து லீவுக்கு வந்த அத்தான் தன்னுடைய ஐபேடை எனக்கே விட்டுவிட்டுப் போனார். 2021-ல் வந்த ஒன்பதாம் தலைமுறை, 64 ஜிபி. இதற்கு அடுத்து வந்த மாடலில் இயர்போன் குத்துகிற ஓட்டையை எடுத்துவிட்டார்கள், இதில் இருக்கிறது. எனக்கு அது பெரிய விஷயம். புளூடூத்தில் பாட்டு கேட்கலாம், வாசிக்க ஆகாது. விரல் பட்டு ஒரு கணம் கழித்துத்தான் சத்தம் வரும். பாளை பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய் வயர் இயர்போன் ஒன்று வாங்கி வந்துவிட்டேன்.

ஆடி மாதக் கோயில் கொடைகளுக்கு வில்லுப்பாட்டு அண்ணாச்சி புது மெட்டு கேட்டிருக்கிறார். முழுப் பாட்டாக ரெக்கார்ட் செய்து கொடுக்க வேண்டியதில்லை. தத்தகாரமும் (வார்த்தையில்லாமல் 'தன்னானே' என்று பாடும் மெட்டு) தாளமும் இருந்தால் போதும், மீதியை அவர் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு வேண்டியதும் அவ்வளவுக்கான ஆப்தான்.

ஜூன் 8, ஞாயிறு

முதலில் கராஜ்பேண்ட். ஆப்பிள் இலவசமாகத் தருவது, காசில்லாததில் ஆரம்பிப்பதுதானே முறை. டிரம்ஸ், பியானோ, கிட்டார் எல்லாம் விரலுக்கடியில் கிடைக்கின்றன. ஆனால் புதுப் பாட்டு திறந்தால் எட்டு 'பார்', அதாவது தாளத்தில் எட்டுச் சுற்று, மட்டும்தான் கொடுக்கும். நீங்கள் சரணத்துக்குப் போய்க்கொண்டிருப்பீர்கள், அது எட்டாவது பாரிலேயே நின்றுகொள்ளும். மேலே வலது ஓரத்தில் இருக்கும் கூட்டல் குறியைத் தொட்டு, நீளத்தை ஆட்டோமேட்டிக் என்று மாற்றிவிட்டால் பாடுகிற வரைக்கும் ஓடும். இதைச் சொல்லித்தராமல் யாருக்கும் கராஜ்பேண்டைச் சிபாரிசு செய்யக்கூடாது.

ஜூன் 10, செவ்வாய்

செங்கோட்டை பாசஞ்சரில் தென்காசிக்கு. எனக்கு மெட்டு வருவதெல்லாம் இந்த ரயிலில்தான். வீரவநல்லூர் தாண்டியதும் ஒன்று வந்தது. ஆப்பைத் திற, புதுப் பாட்டு, ஆடியோ ரெக்கார்டர், தட்டு எண்ணிக் கொடுக்கும் மெட்ரோனோமை அணை, நீளத்தை மாற்று... கல்லிடைக்குறிச்சி பிளாட்பாரம் வந்துவிட்டது. நல்லவேளை, மெட்டு பிடிவாதமான மெட்டு, கூடவே வந்தது.

அம்பாசமுத்திரத்தில் வண்டி நின்றபோது ஒரு ஏற்பாடு செய்தேன். மெட்ரோனோம் அணைத்து, நீளம் ஆட்டோமேட்டிக்கில் வைத்து, ஆடியோ டிராக் ஒன்றோடு ஒரு காலிப் பாட்டு. பெயர் 'காலி'. வேண்டும்போது அதை நகல் எடுத்துத் திறந்தால், நேராகச் சிவப்புப் பொத்தான். எந்த ஆப் எடுத்தாலும் இதை முதலில் செய்துவைப்பது நல்லது. ஆப்பில் எத்தனை வாத்தியம் இருக்கிறது என்று எல்லோரும் பார்க்கிறார்கள். தொட்டதிலிருந்து பதிவாகத் தொடங்குவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

இந்த விஷயத்தில் ஏபிள்டன் நோட் என்கிற ஆப் கெட்டி. ரெக்கார்ட் அழுத்த மறந்து வாசித்துக்கொண்டிருந்தாலும், முடித்தபிறகு ஒரு பொத்தானைத் தொட்டால் வாசித்ததைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டெம்போவையும் (வேகத்தை) அதுவே ஊகித்துவிடும். கீபோர்டில் விரல் ஓடுகிறவர்களுக்கு அதுதான் சரி. எனக்கு மெட்டு தொண்டையில்தான் வருகிறது.

ஜூன் 14, சனி

மகுடம் என்கிற தோல் வாத்தியத்தின் சத்தம் வேண்டும். எந்த ஆப்பிலும் இல்லை. தபலா இருக்கிறது, ஆனால் சுடலைமாடன் கொடைக்குத் தபலா வைத்தால் மாடனே எழுந்து போய்விடுவார்.

பக்கத்து ஊரில் கணியான் கூத்துக்கு மகுடம் அடிக்கிற பெரியவர் வீட்டுக்குப் போனேன். உச்சம், மந்தம் என்கிற இரண்டு மகுடங்களையும் வாசலில் ஓலைத் தீ மூட்டிக் காய்ச்சினார். தோல் முறுகுகிறதா என்று விரல் நுனியால் சுண்டிச் சுண்டிப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் காயட்டும் தம்பி, சாரக்காத்துல்லா" என்றார். குற்றாலத்துச் சாரல் எங்கேயோ அடிக்க, இங்கே தோல் தொய்கிறது.

கோலா சாம்ப்ளர் என்கிற ஆப்பை இதற்காகவே போட்டிருந்தேன். கட்டத்தை அழுத்திப் பிடித்தால் மைக்கில் கேட்பது அதற்குள் போய்விடும், விட்டால் முடிந்தது. அப்புறம் அந்தக் கட்டத்தைத் தட்டினால் அதே அடி. மொத்தம் 64 கட்டம். உச்சத்தின் நடு அடி, ஓர அடி, மந்தத்தின் அடைத்த அடி, திறந்த அடி என்று தனித்தனியாக எடுத்தேன். பக்கத்தில் வைத்தால் ஐபேடின் மைக் தாங்காமல் கரகரவென்கிறது. திண்ணையில் நாலைந்தடி தள்ளி வைத்ததும் தெளிந்தது. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் இருக்கும் வெற்று இடத்தை நறுக்கிவிட வேண்டும், இல்லையென்றால் தட்டுவது ஒன்றும் கேட்பது ஒன்றுமாகத் தாளம் பின்வாங்கும்.

பெரியவர் கட்டங்களைத் தானே தட்டிப் பார்த்தார். "சத்தம் நம்ம சத்தந்தான். ஆனா கைக்குச் சூடு இல்லியே" என்றார்.

ஜூன் 15, ஞாயிறு

ரயிலில் வந்த மெட்டு மிஸ்ர சாப்பு. தகிட தகதிமி, ஏழு. ஐபேடிலுள்ள கராஜ்பேண்டில் தாளக் கணக்கு 4/4, 3/4, 6/8 மூன்றுதான் உண்டு. ஏழுக்கு இடமில்லை. பாட்டை எட்டாக்கிவிடலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். ஆப்புக்காகத் தாளத்தை மாற்றுவதா?

காகிதத்தில் கணக்குப் போட்டேன். 4/4-ல் ஒரு பாருக்கு எட்டு அரைத்தட்டு. ஏழு பார் என்றால் 56. ஏழு அரைத்தட்டு கொண்ட ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) எட்டு என்றாலும் அதே 56. ஆக நீளத்தை ஏழு பார் என்று வைத்துவிட்டால் எட்டு ஆவர்த்தனம் பிசிறில்லாமல் உள்ளே உட்காரும், லூப்பும் சரியாகச் சுற்றி வரும். மெட்ரோனோமை மட்டும் அணைத்துவிட வேண்டும், அது நாலுக்கு நாலு அழுத்தி நம்மை இழுக்கும். கோலாவிலிருந்து கொண்டுவந்த மகுடத்தை அதற்குப் பதில் ஓடவிட்டேன். கீபோர்டில் வாசித்ததைத் தட்டுக்கு நேராக்குகிற வசதியும் வேலை செய்கிறது, அரைத்தட்டுகள் இருக்கிற இடத்தில்தானே இருக்கின்றன. மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்கு.

ஜூன் 19, வியாழன்

ஆப்பிளின் பெரிய இசை ஆப் லாஜிக் புரோவையும் பார்த்தாயிற்று. 2023-ல் ஐபேடுக்கு வந்தது. 7/8 என்று நேராகப் போட்டுக்கொள்ளலாம், மேற்படிக் கணக்கெல்லாம் வேண்டாம். ஆனால் முதல் மாதம் இலவசம், அப்புறம் சந்தா. அதைவிட, திரை நிறையப் பொத்தான். அதைத் திறந்தால் கை மிக்ஸிங்குக்குப் போகிறது, பாட்டு அப்படியே நிற்கிறது. கராஜ்பேண்டில் போட்டதை லாஜிக்கில் திறக்க முடியும் என்பதால் இப்போதைக்கு அது தேவையில்லை.

கமகத்துக்கு, அதாவது சுரத்தை அசைத்து இழுப்பதற்கு, ஜியோஷ்ரெட் என்கிற ஆப் நன்றாக இருக்கிறது, திரையில் விரலை இழுத்தால் சுரமும் வழுக்கிக்கொண்டு போகும். அது வாத்தியம், தனியாக உட்கார்ந்து சாதகம் செய்ய வேண்டும். பிறகு பார்க்கலாம்.

ஜூன் 22, ஞாயிறு

கராஜ்பேண்டும் கோலாவும் என்று முடிவாகி, மற்றதை அழித்துவிட்டேன். 64 ஜிபிக்கு அது நல்லது. மெட்டை அண்ணாச்சிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். சாயங்காலம் போன் வந்தது.

"தாளம் பிரமாதம்வே. ஆனா நீரு ஒரு கட்டையில பாடிருக்கீரு. நா பாடுதது ரெண்டு கட்டைலா. மிசினைக் கொஞ்சம் ஏத்தி வையும்."

கட்டை என்பது பாடகரின் சுருதி அளவு; ஒரு கட்டை என்றால் சி, இரண்டு கட்டை டி. சுருதியை மாற்றினால் கராஜ்பேண்டில் வாசித்த கீபோர்டு தானாக ஏறிக்கொள்கிறது. பாடிப் பதிந்த குரல் அப்படியே இருக்கிறது. நாளைக் காலையில் தெருவில் வண்டிச் சத்தம் தொடங்குமுன் இரண்டு கட்டையில் திரும்பப் பாட வேண்டும். அந்த மேல் பஞ்சமம் எனக்கு எட்டுமா என்று தெரியவில்லை. எட்டாவிட்டால் மகளைப் பாடச் சொல்ல வேண்டியதுதான்.