மூன்று பாட்டில் போதும்: சிங்கப்பூர் அடுப்படி நாட்குறிப்பு

டிசம்பர் 3, 2024, செவ்வாய்

காலையிலிருந்து மழை விடவில்லை. அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியிருக்கிறது, கடிக்க முடியாது, ரசம் சாதம்கூட எரிகிறது என்கிறார். அதனால் இன்று ஆவியில் வேகவைத்த முட்டை. இங்கே சீனர் வீடுகளில் பல் முளைக்கும் பிள்ளைக்கும் பல் போன தாத்தாவுக்கும் முதலில் கொடுப்பது இதைத்தான்.

முட்டை, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான் சாமான். ஆனால் அளவில் கறாராக இருக்க வேண்டும். முட்டையை உடைத்து ஒரு கிண்ணத்தில் அளந்துகொண்டு, அதே கிண்ணத்தால் இரண்டு பங்கு வெதுவெதுப்பான தண்ணீர். மூன்று முட்டைக்கு ஏறக்குறைய 300 மில்லி வரும். கை பொறுக்கும் சூடுதான், அதற்கு மேல் போனால் முட்டை அங்கேயே திரிந்துவிடும். நுரைக்க நுரைக்க அடிக்கக் கூடாது, முள்கரண்டியால் மெதுவாகக் கலக்கி, டீ வடிகட்டியில் ஒருமுறை வடித்து, மேலே நிற்கும் குமிழிகளைக் கரண்டியால் எடுத்துவிட வேண்டும். அப்புறம் கிண்ணத்தின் மேல் ஒரு தட்டைக் கவிழ்க்க வேண்டும், இல்லாவிட்டால் மூடியில் சேரும் ஆவித்தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்து மேல்பரப்பு குண்டும் குழியுமாகிவிடும். அடுப்பு சிறு தீயில், பத்துப் பன்னிரண்டு நிமிடம். தீ கூடினால் முட்டைக்குள் இருக்கும் தண்ணீர் கொதித்து உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டை விழுந்துவிடும்.

கிண்ணத்தை லேசாக ஆட்டினால் நடுப்பகுதி மட்டும் தளதளவென்று அசைய வேண்டும். அப்போது இறக்கி, ஒரு கரண்டி சோயா சாஸ், நாலு சொட்டு எள்ளெண்ணெய், பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள். கரண்டி உள்ளே இறங்கும்போது ஒரு கோடு விழுந்து, அந்தக் கோட்டில் சோயா சாஸ் பழுப்பாக வழிந்து ஓடுவதைப் பார்க்கவே பிடிக்கும். அம்மா கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, நாளைக்கும் இதையே செய் என்றார்.

டிசம்பர் 6, 2024, வெள்ளி

திருச்சியில் வாக்கப்பட்டிருக்கும் தங்கை வாட்ஸப்பில் கேட்கிறாள்: "அக்கா, சைனீஸ் செய்யணும்னா என்னென்ன சாஸ் வாங்கணும்?" கூடவே சூப்பர் மார்க்கெட் அலமாரியை அப்படியே படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். ரெட் சில்லி சாஸ், கிரீன் சில்லி சாஸ், ஷெஸ்வான் சட்னி, மஞ்சூரியன் மசாலா. இது நம் நாட்டில் வளர்ந்த சமையல், கொல்கத்தாவில் குடியேறிய சீனர்களிடமிருந்து கிளம்பி ஊரூராகப் பரவியது, அதற்கென்று ஒரு ருசி உண்டு, நானும் திருச்சி போனால் தேடிச் சாப்பிடுவேன். ஆனால் என் மாடியில் இருக்கும் சீனக் குடும்பங்கள் தினம் ராத்திரி சாப்பிடுவது அது இல்லை. ஒரு சோறு, ஒரு கீரை, ஒரு மீன் அல்லது முட்டை, ஒரு சூப். நம் வீட்டில் சோறு, குழம்பு, பொரியல் வைப்பது போலத்தான், சோறுதான் அங்கேயும் நடுநாயகம்.

அவளுக்கு எழுதியதை இங்கேயும் போட்டுவைக்கிறேன். மூன்று பாட்டில் போதும். லைட் சோயா சாஸ் உப்புக்கும் ருசிக்கும். டார்க் சோயா சாஸ் நிறத்துக்கு, அது கெட்டியாக, கொஞ்சம் தித்திப்பாக இருக்கும், ஒரு குழம்புக்கே ஒரு சிறு கரண்டிக்கு மேல் வேண்டாம். பாட்டிலில் வெறுமனே சோயா சாஸ் என்று போட்டிருந்தால் ஒரு சொட்டு தட்டில் விட்டுச் சாய்த்துப் பார், தண்ணீராக ஓடினால் லைட், தட்டில் ஒட்டிக்கொண்டு மெதுவாக இறங்கினால் டார்க். மூன்றாவது வறுத்த எள்ளெண்ணெய். நம் நல்லெண்ணெயை அதற்குப் பதிலாக ஊற்றாதே. நம்முடையது பச்சை எள்ளை ஆட்டுவது, அவர்களுடையது எள்ளை நன்றாக வறுத்துப் பிழிவது, அதனால்தான் அந்தக் கரும்பழுப்பு நிறமும் தூக்கலான மணமும். அதில் தாளிப்பதில்லை, இறக்கிய பிறகு சில சொட்டு விடுவதோடு சரி.

மற்றதெல்லாம் உன் வீட்டிலேயே இருக்கிறது. இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள், சோளமாவு, சர்க்கரை, வெள்ளை மிளகுத்தூள். முதலில் தக்காளி முட்டை செய்து பார், சீனாவில் பிள்ளைகள் அடுப்படியில் கற்றுக்கொள்ளும் முதல் பதார்த்தங்களில் அது ஒன்று. முட்டையை எண்ணெயில் ஊற்றி முக்கால் பதம் வெந்ததும் பெரிய பெரிய துண்டாகவே எடுத்து வைத்துவிடு, அதே சட்டியில் பூண்டு, தக்காளி, உப்பு, ஒரு கரண்டி சர்க்கரை, தக்காளி உடைந்து சாறு விட்டதும் முட்டையைத் திரும்பப் போட்டு இரண்டு புரட்டு. மஞ்சள் தூள் வேண்டாம், கறிவேப்பிலை வேண்டாம், பச்சை மிளகாய் வேண்டாம். ஒரு தடவையாவது அப்படியே சாப்பிட்டுப் பார், அப்புறம் உன் இஷ்டம்.

டிசம்பர் 11, 2024, புதன்

எதிர் வீட்டு ஆன்ட்டி தியோச்சூ எனும் சீனப் பிரிவைச் சேர்ந்தவர். அம்மாவுக்குப் பல் வலி என்று தெரிந்ததும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு பேரும் பேசிக்கொள்வது மலாய் மொழியில், நாற்பது வருஷப் பழக்கம், எனக்குப் பாதிதான் புரியும்.

தியோச்சூ கஞ்சியில் அரிசி அரிசியாக இருக்கும், பருக்கை வெந்து லேசாக மலர்ந்ததும் அடுப்பை அணைத்துவிடுவார்கள், மேலே தெளிந்த கஞ்சித்தண்ணீர் நிற்கும். கன்டோனீஸ் எனும் இன்னொரு சீனப் பிரிவினரின் கஞ்சி இதற்கு நேர் எதிர், ஒரு பங்கு அரிசிக்குப் பத்துப் பங்கு தண்ணீர்கூட வைத்து, பருக்கையே தெரியாமல் குழையக் குழையக் காய்ச்சி, அந்தக் கஞ்சிக்குள்ளேயே மீனையோ கறியையோ போட்டுவிடுவார்கள். தியோச்சூ கஞ்சியில் ஒன்றும் போடுவதில்லை, உப்புகூட இல்லை. அதனால் தொட்டுக்கொள்ள வைப்பதெல்லாம் உப்புத் தூக்கலாக இருக்கும்: உப்பு முட்டை, வறுத்த வேர்க்கடலை, கியாம் சாய் எனும் உப்பிட்ட கடுகுக்கீரை, அப்புறம் சாய் போ ஆம்லெட்.

சாய் போ என்பது உப்பிட்டுக் காயவைத்த வெள்ளை முள்ளங்கி. பொடியாக நறுக்கியதே பாக்கெட்டில் கிடைக்கும். நன்றாக அலசி, கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, முதலில் எண்ணெய் இல்லாமல் ஈரம் போக வறுக்க வேண்டும், அப்புறம் எண்ணெயும் பூண்டும் சேர்த்து மணம் வரும்வரை. அதன் மேல் அடித்த முட்டையை ஊற்றி, ஓரம் முறுகவிட்டு, திருப்பிப் போட்டால் ஆயிற்று. முட்டைக்குத் தனியாக உப்பு போட்டுவிடாதீர்கள். திருச்சியில் சாய் போ கிடைக்காது, உப்பில் ஊறவைத்துக் காயவைத்த நம் வற்றல் வகையில் எதையாவது பார்க்கலாம், ஆனால் அந்த நறுக் நறுக் வராது.

நம் பழைய சோற்றுக்குச் சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் எப்படியோ, அப்படித்தான் இதுவும் என்று அம்மா சொன்னார். சொல்லிவிட்டு ஆன்ட்டியின் கஞ்சிக்கு நம் வீட்டு மாவடுவை எடுத்துக் கடித்துக்கொண்டார். பல் சரியாகிவிட்டது போல.

டிசம்பர் 15, 2024, ஞாயிறு

நாளை மார்கழி பிறக்கிறது, அம்மா பொங்கல்வரை மீன் கறி தொடமாட்டார். அதனால் இன்று காலையிலேயே தேக்கா மார்க்கெட்டுக்குப் போய் இரண்டு வெள்ளை வாவல் வாங்கிவந்தோம். தேக்காவில் நம் ஆட்கள் மீன் வாங்கும்போது செவுளைப் பார்ப்பார்கள், ஆன்ட்டி கண்ணைப் பார்ப்பார், கண் தெளிவாகத் துருத்திக்கொண்டு இருக்க வேண்டும், குழிந்திருந்தால் அந்தப் பக்கமே போகமாட்டார். வறுக்கிற மீனுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் மசாலா மூடிவிடும். ஆவியில் வைக்கிற மீன் எதையும் மறைக்காது.

ஒன்றைத் தியோச்சூ முறையில் ஆன்ட்டி செய்தார். அலசி ஊறவைத்த கியாம் சாய், தக்காளி, இஞ்சிக் கீற்று, உப்பிட்ட புளிப்பு பிளம் இரண்டு, ஒரு துண்டு டோஃபு எல்லாவற்றையும் மீனோடு தட்டில் அடுக்கி ஆவிக்கு விட்டுவிட்டார். மீன் விடும் சாறும் இந்தப் புளிப்பும் சேர்ந்து தட்டில் ஒரு சூப்பே தேங்கிவிடுகிறது, அதைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டால் நம் மீன் புளித்தண்ணி ஞாபகம் வரும்.

இன்னொன்றைக் கன்டோனீஸ் முறையில் நான் செய்தேன். இதில் தட்டில் தேங்கும் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், கவிச்சி எல்லாம் அதில்தான். முட்டைக்குச் சொன்னதற்கு நேர்மாறாக இதற்குத் தீ முழுசாக எரிய வேண்டும், தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் மீனை உள்ளே வைப்பது. மீனின் அடியில் இரண்டு சாப்ஸ்டிக்கைக் குறுக்கே வைத்துத் தூக்கிவிட்டால் ஆவி கீழேயும் சுற்றிவரும். அரைக் கிலோ மீனுக்கு ஏழெட்டு நிமிடம். முதுகெலும்பு ஓரத்தில் சாப்ஸ்டிக்கால் குத்தினால் சதை எலும்பை விட்டு வந்துவிட வேண்டும், அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட வேண்டாம். தண்ணீரைக் கொட்டி, மேலே மெல்லிசாக நறுக்கிய இஞ்சியும் வெங்காயத்தாளும் பரப்பி, புகை வரக் காய்ந்த எண்ணெய் இரண்டு கரண்டி ஊற்றினால் சர்ரென்று ஒரு சத்தம், அந்த ஒரு நொடியில் வெங்காயத்தாளின் பச்சை வாடை போய் மணம் எழும்பி வீடு முழுக்க வரும். சிறிது சர்க்கரை கரைத்த சோயா சாஸைத் தட்டின் ஓரமாக ஊற்ற வேண்டும், மீன் மேல் ஊற்றினால் அந்த வெள்ளை நிறம் கெட்டுவிடும்.

டிசம்பர் 21, 2024, சனி

இன்று சீனர்களுக்கு டோங்ஜி, குளிர்காலத்தின் மிக நீண்ட இரவு. சிங்கப்பூரில் குளிரும் கிடையாது, இரவும் பகலும் வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான், ஆனாலும் வீட்டுக்கு வீடு தாங் யுவான் உருட்டுகிறார்கள். பசையரிசி மாவு, வெதுவெதுப்பான தண்ணீர், காது மடல் பதத்துக்குப் பிசைய வேண்டும் என்று ஆன்ட்டி தன் காதைப் பிடித்துக் காட்டினார். கொதிக்கும் தண்ணீரில் போட்டு மிதந்து வந்ததும் ஒரு நிமிடம் விட்டு எடுத்து, இஞ்சியும் பாண்டான் எனும் வாசனை இலையும் போட்டுக் காய்ச்சிய சர்க்கரைப் பாகில் சேர்ப்பது. சைவம்தான், அதனால் அம்மாவும் உட்கார்ந்து உருட்டினார், பால் கொழுக்கட்டை உருட்டிப் பழகிய கை, ஆன்ட்டியைவிட வேகம்.

டிசம்பர் 29, 2024, ஞாயிறு

மார்கழிக்கு ஏற்ற மாதிரி கங்கோங் கீரை. வழக்கமாக இதைப் பெலச்சான் போட்டு வதக்குவார்கள், கூனிப்பொடியைப் புளிக்கவைத்துக் கட்டியாக்கியது, அதனால் இந்த மாதம் ஆகாது. பதிலுக்குப் புளிக்கவைத்த டோஃபு இரண்டு துண்டு, பூண்டு, சில்லி பாடி எனும் காரமான குட்டி மிளகாய் ஒன்று. தண்டைத் தனியாக, இலையைத் தனியாக வைத்துக்கொண்டு, தண்டை முப்பது நொடி முன்னால் போட வேண்டும். வீட்டு அடுப்பில் தீ கம்மி, ஒரே நேரத்தில் ஒரு கட்டுக் கீரையையும் கொட்டினால் சட்டி ஆறிப்போய்த் தண்ணீர் விட்டுக் கறுத்துவிடும். அரைக் கட்டு அரைக் கட்டாகச் செய்யுங்கள்.

ஜனவரி 18, 2025, சனி

பொங்கல் முடிந்தது, வீட்டில் கோழி. சைனா டவுன் பக்கம் சீனப் புத்தாண்டுக் கடைகள் போட்டுவிட்டார்கள், கூட்டத்தில் நடக்க முடியவில்லை.

ஹைனானீஸ் சிக்கன் ரைஸை எல்லோரும் கடையில்தான் வாங்குகிறோம். ஹைனான் தீவிலிருந்து வந்தவர்கள் தங்கள் ஊர் வென்சாங் கோழியை நினைத்து இங்கே கிடைத்த கோழியில் செய்தது, இன்று ஹைனானைவிட இங்கேதான் அதற்குப் பெயர். வீட்டில் செய்தால் ஒரு கோழியில் மூன்று பதார்த்தம் கிடைக்கிறது, கறி, சோறு, சூப், ஒரு பொட்டு வீணாவதில்லை.

கோழியை உப்புத் தேய்த்துக் கழுவி, இஞ்சியும் வெங்காயத்தாளும் வயிற்றுக்குள் வைத்து, கொதிக்கும் தண்ணீரில் முழுசாக இறக்கி, மறுகொதி வந்ததும் தீயைச் சுத்தமாகக் குறைத்துவிட வேண்டும். தண்ணீர் கொதிக்கக் கூடாது, ஓரத்தில் எப்போதாவது ஒரு குமிழி வந்தால் போதும். ஒன்றேகால் கிலோ கோழிக்கு நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம். தொடையின் தடித்த இடத்தில் வெப்பமானி 75 டிகிரி காட்ட வேண்டும், நம் வீடுகளில் யாருக்கும் எலும்போரச் சிவப்பு பிடிக்காது, அதனால் நான் இதில் குறைவைப்பதில்லை. எடுத்ததும் ஐஸ் தண்ணீரில் பத்து நிமிடம். அப்போதுதான் தோல் இறுகி, தோலுக்கும் சதைக்கும் நடுவில் சாறு உறைந்து வழவழவென்று நிற்கும்.

சோறுதான் உயிர். கோழியின் வயிற்றுப் பக்கம் இருந்து எடுத்த கொழுப்பை உருக்கி, அதில் பூண்டும் இஞ்சியும் வதக்கி, ஊறவைக்காமல் கழுவி வடித்த அரிசியை ஒவ்வொரு மணியிலும் கொழுப்பு ஏறும்வரை பிரட்டி, கோழி வெந்த தண்ணீரை ஊற்றி, முடிச்சுப் போட்ட பாண்டான் இலையோடு வேகவைத்தேன். சட்டியைத் திறந்ததும் என் பையன் கோழியை விட்டுவிட்டு வெறும் சோற்றையே ஒரு தட்டுச் சாப்பிட்டான். மிளகாய்ச் சட்னிக்குச் சிவப்பு மிளகாய், பூண்டு, இஞ்சி, லீமாவ் கஸ்தூரி எலுமிச்சைச் சாறு, இரண்டு கரண்டி அதே கோழித்தண்ணீர். அம்மா இந்தக் கோழிக்கு மிளகாய்த்தூள் இல்லையே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஜனவரி 22, 2025, புதன்

வேலை முடிந்து வந்து இருபது நிமிடத்தில் தாய்லாந்துக்காரர்களின் பாட் கப்ராவ். பூண்டும் சில்லி பாடியும் உரலில் இடித்து, எண்ணெயில் பொரிந்ததும் கொத்திய கோழிக்கறி, மீன் சாஸ், கொஞ்சம் சோயா சாஸ், ஒரு சிட்டிகை சர்க்கரை. கறி வெந்து சாறு வற்றியதும் அடுப்பை அணைத்துவிட்டு ஒரு கை நிறையக் கப்ராவ் இலை, சட்டிச் சூட்டிலேயே வாடிவிடும். மேலே ஓரம் மொறுமொறுவென்று பொரித்த முட்டை.

இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டு அம்மா "இது துளசிதானேடி" என்றார். துளசியேதான், அதே இனம். கறிக்குப் போடுவதா என்று முகம் மாறியது, நான் தாய்லாந்துக் கடையில் கட்டாக வாங்கியது என்று காட்டிய பிறகுதான் தட்டை இழுத்துக்கொண்டார். தங்கைக்கும் அதையே எழுதியிருக்கிறேன்: மாடத்தில் இருக்கும் செடியில் கை வைக்காதே, சமையலுக்கென்று தனித் தொட்டியில் ஒன்று வளர்த்துக்கொள், அல்லது திருநீற்றுப்பச்சிலை போடு, மணம் கொஞ்சம் சோம்புப் பக்கம் சாயும், ஆனாலும் நன்றாக இருக்கும். மீன் சாஸ் கிடைக்காவிட்டால் லைட் சோயா சாஸே போதும்.

அவள் இந்நேரம் தக்காளி முட்டை செய்துகொண்டிருக்கிறாள், படம் வந்திருக்கிறது. ஓரத்தில் கறிவேப்பிலை தெரிகிறது.